நான்காவது லைனில் வந்துபோன படபடப்பு

1. சொல்யூஷன் மேல் விழுந்த பழி

நான்காவது லைன் காலியாகிறது என்று தகவல் வந்தபோது நான் கேன்டீனில் சாம்பாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்பூருக்கு வெளியே உள்ள அந்த ஷூ கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசர். கேன்டீன் சாப்பாட்டை ருசி பார்ப்பதும் என் காலை வேலைகளில் ஒன்று. கரண்டியை வைத்துவிட்டு ஸ்டிட்சிங் ஹாலுக்கு ஓடினேன். நாற்பது பேர் உட்காரும் லைனில் பாதிப் பேர் வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தார்கள். நாலைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்து துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தையல் மெஷின் ஆபரேட்டர் எஸ்தர், ஒரு கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாச்சு?"

"சொல்யூஷன் மேடம்," என்றார்கள் பல பேர் ஒரே நேரத்தில்.

சொல்யூஷன் என்பது ஷூவின் மேல்பாகமான அப்பரில் தோல் துண்டுகளை ஒட்டும் பசை. டப்பாவின் மூடியைத் திறந்தாலே மண்டைக்கு ஏறும் வாடை. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் எந்த ஷூ கம்பெனியில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதல் பழி அதன் மேல்தான் விழும். அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அந்த ஆவி ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே லைனை நிறுத்தினோம். சேஃப்டி ஆபீசர் மீட்டரோடு வந்து காற்றை அளந்தார். எக்ஸாஸ்ட் ஃபேன்களைச் சோதித்தார். எல்லாம் இருக்கவேண்டிய அளவில் இருந்தன.

கம்பெனிக்கு வருவதற்கு முன் நான் வேலூரில் ஒரு நாளிதழின் நிருபராக இருந்தவள். விபத்து நடந்த இடத்துக்குப் போனால் அடிபட்டவர்களிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அடிபடாதவர்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்றும் அதைக் கேட்டேன். பசை டப்பாவுக்கு மேலேயே குனிந்து வேலை செய்யும் பேஸ்டிங் மேசைப் பெண்கள் இருவரும் தங்கள் இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல மேடம். எல்லாரும் வெளிய போய்ட்டாங்க, நாங்க மட்டும் இன்னா பண்றது? டீயாச்சும் வருமா?" என்றார் ஒருவர்.

எஸ்தரின் இடம் லைனின் மறுகோடி. பசை அங்கே போகாது. மற்றவர்களிடம் தனித்தனியாகக் கேட்டதில் ஒரே விஷயம்தான் கிடைத்தது: எஸ்தர் எழுந்து நெஞ்சைப் பிடித்ததைப் பார்த்தோம், பக்கத்தில் யாரோ 'கேஸு' என்று கத்தினார்கள், பிறகுதான் எங்களுக்கும் தலை சுற்றியது. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குச் சுற்றத்தான் செய்தது. ஆனால் தொடங்கியது ஓர் ஆளிடம், காற்றில் அல்ல.

ஃபர்ஸ்ட் எய்டு அறையில் சிஸ்டர் ஜெயா எஸ்தரின் நாடியைப் பார்த்தார். மிக வேகம். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் சரியாக இருந்தது. ஆம்புலன்சில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் எஸ்தர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. பணியிலிருந்த மருத்துவர், "ஒண்ணும் இல்லம்மா, போய் ரெஸ்ட் எடு" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் என் அறைக்கு வந்த எஸ்தர் உட்காராமல் நின்றபடியே கேட்டார்: "மேடம், ஒண்ணும் இல்லன்னா எனக்கு ஏன் உயிர் போற மாதிரி இருந்துச்சு?"

உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

(எஸ்தர் என்பது நான் வைத்த பெயர். எழுதியதைப் படித்துக் காட்டினேன். "போடுங்க மேடம், யாருக்காவது யூஸ் ஆவட்டும்" என்றார்.)

2. கேட்டைத் தாண்டினால் சரியாகிவிடும் நோய்

எஸ்தர் போஸ்ட் மெஷின் ஆபரேட்டர். தூண் மாதிரி உயர்ந்து நிற்கும் அந்தத் தையல் மெஷினில்தான் அப்பரின் வளைவான இடங்களைத் தைப்பார்கள். வெளியே தெரியும் தையல் என்பதால் கோடு அரை மயிரிழை விலகினாலும் ஜோடி ரிஜெக்ட். கம்பெனியில் அதைக் கை நடுங்காமல் செய்யக்கூடியவர்கள் சிலரே. எஸ்தர் அவர்களில் ஒருவர். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். கணவருக்கு நிலையான வேலை இல்லை. மகள் பிளஸ் ஒன். எஸ்தருக்குப் பெருமை தந்த இடம் அந்த மெஷினின் முன்னால் இருந்த ஸ்டூல்தான்.

அந்தப் படபடப்பு மறுபடி வந்தது. அந்த வாரத்திலேயே, பிறகு அடுத்த வாரமும். ஹாலில் வந்தது, பஸ்ஸில் வந்தது, ஒருமுறை சர்ச்சில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. ஒவ்வொரு முறையும் அதே வரிசை: நெஞ்சு அடித்துக்கொள்ளும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும், வியர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். சிஸ்டர் ஜெயா கேட் பாஸ் போட்டு வீட்டுக்கு அனுப்புவார்.

லைன் சூப்பர்வைசர் இம்தியாஸ் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் தப்பா சொல்றேன்னு நினைக்காதீங்க. அது டிராமா."

"எதை வச்சு சொல்றீங்க?"

"நேத்து நானே கேட் வரைக்கும் கூட போனேன். ஹால்ல சாவுற மாதிரி இருந்துச்சு. ஜெயா சிஸ்டர் பாஸ்ல கையெழுத்துப் போட்டாங்க, பாதி சரி ஆய்டுச்சு. கேட்டைத் தாண்டுச்சு, மீதியும் சரி. எதிர் கடையில போய் ஜூஸ் குடிக்குது மேடம். ஹார்ட் அட்டாக் வந்தவங்க ஜூஸ் குடிப்பாங்களா?"

இம்தியாஸ் கெட்டவர் அல்ல. டார்கெட் அவர் கழுத்தில் இருந்தது. அவர் சொன்னதில் ஊகம் எது, பார்த்தது எது என்று பிரித்தேன். டிராமா என்பது ஊகம். பாஸில் கையெழுத்து விழுந்ததும் பாதி சரியானது, கேட்டைத் தாண்டியதும் முழுக்கச் சரியானது, இவை இரண்டும் அவர் கண்ணால் பார்த்தவை. அவற்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

ஹெச்.ஆர். மேனேஜரும் அவர் பங்குக்குச் சொல்லிவிட்டார்: "ஊசி ஓடுற மெஷின்ல மயக்கம் போடுற ஆளை உக்கார வைக்க முடியாது மேடம். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இந்த சீசன் முடியட்டும். அதுக்குள்ள சரியாகலைன்னா பேசி செட்டில் பண்ணி அனுப்பிடலாம்."

எஸ்தருக்கு இது தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பயப்பட இரண்டு விஷயங்கள் ஆயின.

3. அரை மாத்திரை

மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில், மருத்துவர் சீட்டு இல்லாமலேயே, 'படபடப்புக்கு' என்று ஒரு சிறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பாதியாக உடைத்துப் போடச் சொல்லி. முதல் நாள் அற்புதமாகக் கேட்டது. இரண்டு வாரத்தில் பாதி போதாமல் முழுதானது. ஒரு மதியம் எஸ்தர் கண் செருகித் தலை முன்னால் சாய, பக்கத்து ஸ்டூலில் இருந்த பெண் மெஷினின் சுவிட்சை அணைத்தார். ஊசிக்கும் எஸ்தரின் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருந்த தூரத்தை அந்தப் பெண் எனக்குத் தன் விரலால் காட்டினார். ஒரு அரிசி மணி அகலம்.

"இன்னாடி எஸ்தரு, தூங்கினே தைக்கிறியா? அப்ப எனக்கும் சொல்லிக்குடு" என்று அவர் கிண்டல் செய்ததைக் கேட்டு லைன் சிரித்தது. எஸ்தர் சிரிக்கவில்லை.

அந்த மாத்திரைப் பட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, வேலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். 'மனநல' என்ற வார்த்தையைக் கேட்டதும் எஸ்தரின் முகம் மாறியது.

"எனக்குப் பைத்தியமா மேடம்?"

"நெஞ்சு டாக்டர் நெஞ்சு நல்லா இருக்குன்னு சொல்லிட்டார். அப்ப அடுத்த டாக்டரைப் பாக்கணும் இல்லையா? ஒரு வாட்டி பாப்போம். புடிக்கலைன்னா விட்டுடலாம்."

"கம்பெனியில சொல்வீங்களா?"

"நீங்க சொல்லச் சொன்னா சொல்றேன்."

அப்படித்தான் ஒத்துக்கொண்டார்.

4. ஐலெட்டுக்கும் கத்தும் மெஷின்

அந்தப் பெண் மருத்துவர் முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேள்விதான் கேட்டார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இதே மாதிரி நெஞ்சை அடிக்க வைக்குமாம். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் கம்மி. அதற்கு இரும்புச் சத்து மாத்திரை.

காரணம் என்ன என்று கேட்டால் எஸ்தர் ஒன்றைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அதற்கு முந்தைய கோடையில் அம்மா தூக்கத்திலேயே இறந்துபோனார், மாரடைப்பு. சீசன் நேரத்தில் ஓவர்டைம். கண் மூடாமலிருக்க நாளைக்கு எத்தனையோ டம்ளர் டீ. விடியும் முன்பே பஸ் என்பதால் காலை நாஷ்டா கிடையாது. அம்மாவின் தங்கை பல ஆண்டுகளாகப் பஸ்ஸில் ஏறுவதில்லை, கூட்டத்துக்குப் போவதில்லை. 'சித்தி அப்படித்தான்' என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

"இதுல எது காரணம் டாக்டர்?" என்றேன்.

"எதுவும் தனியா இல்ல. குடும்பத்துல கொஞ்சம் பயப்படுற உடம்பு வரும். அதுக்கு மேல ஒரு சாவு, தூக்கம் கெட்டது, டீ, பசி. எல்லாம் சேர்ந்து ஒரு நாள் நெஞ்சு வேகமா அடிச்சிருக்கு. அதை இவங்க மனசு, அம்மாவுக்கு வந்ததுதான் இதுன்னு எடுத்துக்கிட்டிருக்கு. பயந்தா நெஞ்சு இன்னும் அடிக்கும். அடிச்சா இன்னும் பயம். அந்தச் சுத்துதான் நோய். இதுக்குப் பேர் பேனிக் டிஸார்டர். நிறைய பேருக்கு இருக்கு. வந்தா சில நிமிஷத்துல உச்சத்துக்குப் போயிட்டு தானா இறங்கும். ரொம்பப் பயமுறுத்தும், ஆனா இதனால உயிர் போகாது."

பிறகு எஸ்தரைப் பார்த்துச் சொன்னார்: "ஆபத்து வந்தா ஓடுறதுக்கு உடம்பு வச்சிருக்கிற ஏற்பாடுதாம்மா இது. ஆபத்து இல்லாதப்ப அடிக்குது, அவ்ளோதான்."

எஸ்தர் என் பக்கம் திரும்பினார். "நம்ம நீடில் டிடெக்டர் மாதிரியா மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.

மருத்துவருக்கு நான் விளக்கினேன். உடைந்த ஊசி முனை ஷூவுக்குள் தங்கிவிட்டதா என்று பார்க்கும் மெஷின் அது. இரும்பு இருந்தால் கத்தும். செட்டிங் கொஞ்சம் கூடிப்போனால் லேஸ் கோக்கும் ஐலெட் வளையத்துக்கும் கத்தும்.

"அதேதான்," என்றார் மருத்துவர். "மெஷின் கெட்டுப்போகல. செட்டிங் ஜாஸ்தி."

கேட்டைத் தாண்டினால் சரியாகிவிடுகிறது, அதனால் நடிப்பு என்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மருத்துவர் ஆச்சரியப்படவில்லை. "தப்பிச்சிட்டோம்னு மூளைக்குத் தெரிஞ்சா அலாரம் நிக்கும். அது இந்த நோயோட அடையாளம். உங்க சூப்பர்வைசர் நல்லா கவனிச்சிருக்கார், முடிவுதான் தப்பு."

சிகிச்சை இரண்டு வழியில் என்றார். ஒன்று, தினமும் எடுக்கவேண்டிய மாத்திரை. அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் சில நாள் படபடப்பு கூடுவதுபோலக்கூடத் தெரியலாம். நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்தக்கூடாது. மெடிக்கல் ஷாப் மாத்திரை தூக்கக் கலக்கம் தரும், பழக்கமாக்கிவிடும். அதை அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைத்து விடவேண்டும், அதுவரை மெஷினில் உட்காரக்கூடாது. இரண்டாவது, பேச்சும் பயிற்சியும். பயப்படும் இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போகும் பயிற்சி.

திரும்பி வரும் பஸ்ஸில் எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்து சொன்னார்: "பேர் இருக்குது மேடம் அதுக்கு. அதுவே பெரிய நிம்மதி."

5. இம்தியாஸ் செய்த உதவி

எஸ்தரின் சம்மதத்தோடு இம்தியாசிடம் மட்டும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "நடிக்குதுன்னு லைன்ல நாலு பேர் முன்னாடி சொல்லிட்டேனே மேடம்" என்றார். அதற்குப் பரிகாரமாக உதவி செய்யக் கிளம்பிவிட்டார். அந்த உதவிதான் அடுத்த சிக்கல்.

எங்கள் ஹாலில் ஒரு வழக்கம். ஒரே நேரத்தில் பல பேர் எழுந்து போனால் கன்வேயர் நின்றுவிடும். அதனால் லைனுக்கு ஒரே ஒரு அவுட் டோக்கன். சூப்பர்வைசர் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்கும். பாத்ரூம் போவதானாலும் அதை எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். ஆணி காலியாக இருந்தால் அது திரும்பி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் படபடப்பு வந்த அன்று ஆணி காலி. எஸ்தர் அதை மருத்துவரிடம்கூடச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் இம்தியாசிடம்தான் சொன்னார். "அது மாட்டியிருந்தா பயம் இல்ல பாய். இல்லன்னா கண்ணு அங்கயே போவுது."

மெடிக்கல் ஷாப் மாத்திரையை முழுக்க விட்டு எஸ்தர் மெஷினுக்குத் திரும்பிய நாளில், இம்தியாஸ் தோல் வெட்டும் கிளிக்கிங் செக்‌ஷனுக்குப் போய், வெட்டி மீந்த லைனிங் தோலில் டோக்கன் மாதிரி வட்டமாக ஒன்று அடிக்கச் சொல்லி, ஓட்டை போட்டுக் கொண்டுவந்து எஸ்தர் கையில் கொடுத்தார். "இது உனக்கு மட்டும். எப்ப வேணா எழுந்து போ. யாரும் கேக்க மாட்டாங்க."

எஸ்தர் அதை ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். பல வாரங்கள் ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தவில்லை. படபடப்பும் வரவில்லை. தையல் பழையபடி நேர்க்கோடாக ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மகிழ்ந்துபோனோம். மருத்துவரைப் பார்க்கப் போகும் தேதி ஒன்றை எஸ்தர் தள்ளிப்போட்டார். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்றார். அந்தத் தோல் வட்டம் அவரோடு பஸ்ஸில் போனது, சர்ச்சுக்குப் போனது, கடைத்தெருவுக்குப் போனது.

ஒரு காலை, பஸ் பேரணாம்பட்டைத் தாண்டிய பிறகு பையில் கைவிட்டிருக்கிறார். ஏப்ரனைத் துவைத்துக் கொடியில் போட்டபோது வீட்டிலேயே எடுத்து வைத்தது ஞாபகம் வந்தது. அடுத்த நிமிடம் டிரைவரிடம் கத்தியிருக்கிறார். நடுவழியில் இறங்கி, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் வந்த ஆட்டோவில் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு வேலைக்கே வரவில்லை. அந்த டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டும் பஸ்ஸில் ஏற முடியவில்லை.

ஹெச்.ஆர். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சீசன் முடியுது மேடம். பையர் ஆடிட் வருது. அந்த ஆடிட் அன்னைக்கு அவங்க மெஷின்ல இருந்தா பாப்போம். இல்லன்னா நான் சொன்னதுதான்."

6. காப்பாற்றாமல் இருப்பது

எஸ்தரையும் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போனேன். டோக்கன் கதையைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். கேலியாக அல்ல.

"நல்ல மனசுல செஞ்சது. ஆனா மூளை இன்னா படிச்சிருக்கும் தெரியுமா? பயம் தானா இறங்குச்சுன்னு படிக்கல. இந்தத் தோல்தான் காப்பாத்துச்சுன்னு படிச்சிருக்கு. அது இல்லாத நாள் பயம் டபுளா வந்துடுச்சு. தப்பிக்கிற வழி எல்லாத்தையும் தயாரா வச்சினு இருந்தா, தப்பிக்கத் தேவையில்லைன்னு எப்படித் தெரியும்?"

"அப்ப இன்னா பண்ணணும்?" என்றார் எஸ்தரின் கணவர்.

"பயத்தை வரவழைக்கணும். இங்கயே."

சுழல் நாற்காலியில் எஸ்தரை உட்காரவைத்து மருத்துவரே சுற்றினார். தலை சுற்றி, நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. "வருது, வருது" என்று எஸ்தர் கை நீட்டினார். கணவர் பாதி எழுந்தார். மருத்துவர் கை காட்டி அவரை உட்காரவைத்தார். "வரட்டும். எதுவும் பண்ணாதீங்க. மூச்சைக்கூடச் சரிபண்ணாதீங்க. எவ்ளோ வரைக்கும் போவுதுன்னு பாருங்க." ஏறியது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு இறங்கியது. எஸ்தர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவர்போல, "அவ்ளோதானா?" என்றார்.

அங்கே கற்றதைக் கம்பெனியிலும் தொடர்ந்தோம். செக்கிங் மேசையின் சுழலும் ஸ்டூலில் மதிய இடைவேளையில் எஸ்தர் தானே சுற்றிக்கொள்வார். மாடிப்படியில் வேகமாக ஏறி, அடிக்கும் நெஞ்சோடு மெஷினில் உட்கார்வார். பஸ்ஸில் முதலில் கணவரோடு வழியில் உள்ள ஆலங்குப்பம் வரை, பிறகு தனியாக, பிறகு கம்பெனி வரை. ஒரு நிறுத்தத்தில் பயிற்சி தோற்றால் மறுநாள் அதே நிறுத்தம். டீ இரண்டு டம்ளராகக் குறைந்தது. நாஷ்டா டப்பா பஸ்ஸில் திறந்தது. தோல் வட்டத்தை இம்தியாசிடம் அவரே திருப்பிக் கொடுத்தார். இம்தியாஸ் அதை வாங்கி ஸ்கிராப் கூடையில் போட்டார்.

இதில் மிகக் கஷ்டப்பட்டவர் இம்தியாஸ்தான் என்று சொல்வேன். எஸ்தரின் முகம் வெளுப்பதைப் பார்த்தால் அவர் கால் தானாக நகரும். ஒரு நாள் அவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு பாதி தூரம் போய், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"பாய், போங்க. உங்க வேலையைப் பாருங்க," என்றார் எஸ்தர், தையலிலிருந்து கண் எடுக்காமல்.

"தண்ணியாச்சும் குடிம்மா."

"தாகம் எடுத்தா குடிக்கிறேன். இது தாகம் இல்ல."

இம்தியாஸ் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "மேடம், இது எஸ்தருக்கு ட்ரீட்மென்ட்டா, எனக்கா?" என்று கேட்டார்.

இடையில் பின்னடைவுகளும் இருந்தன. ஒரு வாரம் முழுக்க மோசமாகப் போனது. மாத்திரை வேலை செய்யவில்லையோ என்று எஸ்தர் அதை நிறுத்தப் பார்த்தார். கணவர் டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

7. ஆடிட் அன்று

எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் ஹாலைச் சுற்றிப் பார்க்கும் நாளில் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம். டோக்கன் ஆணியில் தொங்கினாலும் யாரும் தொட மாட்டார்கள். எஸ்தரிடம் விடுப்பு எடுக்கச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் இன்னொரு தோல் வட்டம்தான்.

பார்வையாளர்களோடு நானும் நடைபாதையில் நடந்தேன். ஹெச்.ஆர். மேனேஜர் முன்னால் போனார். நான்காவது லைனுக்கு வந்தபோது ஒரு வெள்ளைக்காரர் எஸ்தரின் பின்னால் நின்று, தோள் வழியாகக் குனிந்து தையலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எஸ்தரின் கை ஒருமுறை நின்றது. பெடலிலிருந்து காலை எடுத்து இரண்டு பாதங்களையும் தரையில் வைத்தார். காதோரம் வியர்வை இறங்கியது. இம்தியாஸ் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எஸ்தரின் கால் பெடலுக்குத் திரும்பியது. ஊசி ஓடத் தொடங்கியது. வளைவை முடித்து, நூலை வெட்டி, அப்பரை அடுத்தவரிடம் தள்ளினார். வெள்ளைக்காரர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்து நகர்ந்தார்.

மேனேஜர் இம்தியாசிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தம்மா ஓகேவா?"

"இன்னா சார் கேக்கறீங்க? இன்னைக்குக் காலையிலேர்ந்து அவங்க மெஷின்ல ஒரு ரிஜெக்ட் இல்ல."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். செட்டில்மென்ட் பேச்சு அதன் பிறகு எழவில்லை. எஸ்தர் அதே மெஷினில்தான் இருக்கிறார். மாத்திரையை அவருடைய மருத்துவர் பின்னாளில் மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்.

ஃபேக்டரிகளில் வெல்ஃபேர் வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்று யார் வந்தாலும் முதலில் உடம்பைச் சோதிக்க அனுப்புங்கள். காற்றையும் அளந்து பாருங்கள். உடம்பில் கோளாறு இல்லை என்று வந்தால் 'ஒண்ணும் இல்ல' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அதற்குப் பெயர் உண்டு, மருத்துவர் உண்டு, அது குணமாகும். வலியில் இருப்பவர்களைப் பார்த்தால் கதவைத் திறந்துவிடத்தான் நம் கை போகும். எந்தக் கதவைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். நாங்கள் எல்லோரும் படபடப்பு வராத ஒரு நாளுக்காகக் காத்திருந்தோம். எஸ்தர் குணமானது அப்படிப்பட்ட நாளில் அல்ல.

ஆடிட் அன்று மதியம் கேன்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து கேட்டேன்: "வந்துச்சா?"

"வந்துச்சு மேடம். நல்லாவே வந்துச்சு. நானும் உக்காந்துனு இருந்தேன், அதுவும் கொஞ்ச நேரம் கூட உக்காந்துனு இருந்துச்சு. நான் எழுந்து ஓடல, இன்னா பண்றதுன்னு அதுக்கே பேஜாரா போச்சு போல. போய்டுச்சு."

சொல்லிவிட்டு, இன்னொரு கரண்டி சோறு வாங்க எழுந்து போனார்.